ஃபோர்க்லிஃப்டில் கரண்ட் கோளாறா? கன்ட்ரோலரைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

"கன்ட்ரோலர் போயிடுச்சுண்ணே" என்றுதான் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் அந்தப் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். சீட்டுக்கு அடியில் ஒரு வயர் அறுந்திருக்கும், இல்லையென்றால் பேட்டரி பிளக்கில் ஒரு முனை கருகியிருக்கும். கரண்ட் போகிற வழியில் இருக்கிற சில்லறைச் சாமான்கள்தான் முதலில் போகும்: சுவிட்ச், லக் (கேபிள் முனையில் போடும் உலோகக் காது), கனெக்டர், ஃப்யூஸ். விலை கூடிய பெட்டி அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. ஆகவே நம் வேலை ஒன்றே ஒன்று. பேட்டரியில் கிளம்புகிற வோல்டேஜ் எதுவரை வருகிறது, எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று தேடிப் பிடிப்பது.

இதில் பெரும்பகுதி பேட்டரி வண்டிக்கானது. டீசல், கேஸ் வண்டிக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

கை வைக்கும் முன்

மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாம் கழன்று பைக்குள் போகட்டும். "48 வோல்ட் தானே, ஷாக் அடிக்காது" என்று சொல்பவர்கள் உண்டு. ஷாக்கை விடுங்கள், இந்த பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் அது பழுத்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் உங்கள் மோதிரம் இருந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. 80 வோல்ட் வண்டியில் ஷாக்கையும் சேர்த்தே பயப்பட வேண்டும்.

ஃபோர்க்கைத் தரை வரை இறக்குங்கள். டிரைவ் வீலைத் தரையிலிருந்து தூக்கி, சேஸிஸுக்கு அடியில் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது. சோதனை நடுவில் வண்டி தானாகக் கிளம்பினால் சக்கரம் காற்றில் சுற்றும், அவ்வளவுதான். தரையில் இருந்தால் முன்னால் நிற்பவர் மேல் ஏறிவிடும்.

பேட்டரி பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். கன்ட்ரோலரின் பிளஸ், மைனஸ் கட்டைகளுக்கு நடுவே ஒரு கன்டாக்டர் (பெரிய கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) காயிலையோ, அந்த வோல்டேஜுக்கு ஏற்ற பல்பையோ சில விநாடி பிடித்து அதை இறக்கிவிட்டு, மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டு தொடுங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரம் இல்லை. அதனால் கெப்பாசிட்டரும் கெடலாம். சார்ஜில் இருக்கிற, சார்ஜ் முடிந்து சற்று நேரமே ஆன பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் இருக்கும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அங்கே பொறி வரும் எந்த வேலையும் வேண்டாம்.

முதலில் டிரைவரிடம் கேளுங்கள்

மீட்டரை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் டிரைவரோடு பேசினால் அரை நாள் வேலை மிச்சம். ஆனால் "என்ன கோளாறு?" என்று மட்டும் கேட்டால் "ஓடலண்ணே" என்பதோடு முடிந்துவிடும். விடாமல் கேட்க வேண்டும். இப்படி:

"எப்பத் தம்பி நிக்குது?"

"லோடோட போறப்பண்ணே."

"சமதளத்துலயா, ரேம்ப் ஏறும்போதா?"

"ரேம்ப்லதான். கீழ ஒண்ணும் ஆகல."

"நிக்கிறப்ப டிஸ்ப்ளே எரியுதா, அணையுதா?"

"அணைஞ்சு அணைஞ்சு வருது."

இந்தக் கடைசிப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. டிஸ்ப்ளேயும் சேர்ந்து அணைகிறது என்றால் வண்டி முழுவதற்கும் வரும் சப்ளையே லோடில், அதாவது கரண்ட் அதிகம் இழுக்கும்போது, விழுகிறது: பேட்டரி, பேட்டரி பிளக், மெயின் கேபிள். டிஸ்ப்ளே கம்மென்று எரிந்துகொண்டிருக்க ஓட்டம் மட்டும் நின்றால், டிராக்‌ஷன் பக்கத்தில், அதாவது வண்டியை ஓட்டும் பகுதியில், ஏதோ ஒன்று "நிறுத்து" என்று சொல்கிறது. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது, இன்னும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

அடுத்து நீங்களே உட்கார்ந்து சாவியைப் போடுங்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவுமே இல்லை என்றால் பேட்டரி பிளக், எமர்ஜென்சி சுவிட்ச், கன்ட்ரோல் ஃப்யூஸ், சாவி சுவிட்ச், வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் கன்வெர்ட்டர் என்று வரிசையாகப் போக வேண்டும். லிஃப்ட் ஏறுகிறது, ஓட்டம் இல்லை என்றால் பேட்டரியையும் மெயின் கேபிளையும் பெரும்பாலும் மறந்துவிடலாம். சீட் சுவிட்ச், ஹேண்ட் பிரேக் சுவிட்ச், டைரக்‌ஷன் லீவர், ஆக்சிலேட்டர் பக்கம் போங்கள். முன்னால் போகிறது, ரிவர்ஸ் மட்டும் இல்லையா? டைரக்‌ஷன் சுவிட்சும் அதன் வயரும்தான். மோட்டாரும் கன்ட்ரோலரின் பவர் பகுதியும் நல்ல நிலையில் இருப்பதை முன்னோக்கிய ஓட்டமே சொல்லிவிட்டது.

ஓடுகிறது, லிஃப்ட் மட்டும் ஏறவில்லை என்றால் மீட்டருக்கு முன் பேட்டரி சதவீதத்தைப் பாருங்கள். சார்ஜ் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு இறங்கினால் லிஃப்ட்டைத் தானே பூட்டிவிடும் ஏற்பாடு நிறைய வண்டிகளில் உண்டு. இது கோளாறே இல்லை, பேட்டரியைக் காப்பாற்ற வைத்த பூட்டு. இது தெரியாமல் பம்ப் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மீட்டரின் கறுப்பு முனை எங்கே?

காரில் பழகியவர்கள் வழி தவறும் இடம் இதுதான். கறுப்பு முனையைப் பாடியில் வைப்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். பேட்டரி ஃபோர்க்லிஃப்டில் பிளஸும் சரி, மைனஸும் சரி, சேஸிஸோடு சேர்ந்திருக்காது. பாடியில் வைத்து அளந்தால் மீட்டர் 11, 27, 6 என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும். அந்த எண்களை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேடலாம், ஒன்றும் கிடைக்காது. கறுப்பு முனை எப்போதும் பேட்டரி மைனஸில். தூரமாக இருந்தால் கிளிப் வைத்த நீள வயர் ஒன்றை மைனஸிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, லோடு இல்லாமல் அளந்த வோல்டேஜை நம்பாதீர்கள். இருபது இழையில் ஒரே இழை மிஞ்சியிருக்கும் வயரிலும் மீட்டர் முழு 48 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. பஸ்ஸர் வைத்துக் கண்டினியூட்டி பார்த்தாலும் அதே ஒரு இழை "பீப்" என்று கத்தி உங்களை ஏமாற்றும். கன்ட்ரோல் லைனில் சந்தேகம் வந்தால் வண்டி வோல்டேஜுக்கு ஏற்ற டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். லேம்ப் மங்கினால் வயர் உள்ளே செத்துவிட்டது.

பவர் லைனுக்கு இதைவிட நல்ல முறை வோல்டேஜ் டிராப். இரண்டு முனைகளையும் ஒரே கேபிளின் இரு கோடியில் வைத்து, உதவிக்கு ஒருவரை லிஃப்ட் லீவரை இழுக்கச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். ஒரு லக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரை வோல்ட் விழுந்தால் 200 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் 100 வாட் சூடு உருவாகிறது என்று பொருள். கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். ஃப்யூஸும் இப்படித்தான்: கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள், லோடு ஓடும்போது இரு பக்கமும் முனை வைத்து அளங்கள்.

வயரின் மேல் தோலைக் குத்திப் பார்க்கும் வழக்கம் வேண்டாம். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய முனையைச் செருகி அளக்கலாம். குத்தின ஓட்டையில் ஈரம் புகுந்து செம்பு பச்சை பூத்துவிடும். சில மாதம் கழித்து அதுவே அடுத்த கோளாறு.

பேட்டரியும் பிளக்கும்

48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி என்றால் 2 வோல்ட் செல் 24. முழுச் சார்ஜ் ஏறி, ஓய்ந்து இருக்கும்போது ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.12 வோல்ட், மொத்தம் 51 அருகில் வர வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. லிஃப்ட்டை உச்சிக்கு ஏற்றி லீவரை விடாமல் சில விநாடி பிடிக்கச் சொல்லி, செல் செல்லாக அளங்கள். எல்லாம் 1.95-க்கு மேல் இருக்க ஒன்று மட்டும் 1.6-க்கு விழுந்தால் அதுதான் குற்றவாளி. ரொம்பக் கெட்டது லோடில் தலைகீழாகி மைனஸ் காட்டும். ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் முழுச் சார்ஜ் 1.280-ஐ ஒட்டியும், காலியானது 1.140-ஐ ஒட்டியும் இருக்கும். எல்லா செல்லும் ஒன்றாகக் குறைந்திருந்தால் பேட்டரியைத் திட்டாதீர்கள், சார்ஜரைப் பாருங்கள். யாரோ பாதியில் பிடுங்கியிருப்பார்கள். தண்ணீர் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்னாலேயே கொஞ்சம் விடலாம்.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல முனை வெள்ளி நிறத்தில், வழவழப்பாக, ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். சூடு ஏறியது முதலில் மஞ்சள் பூத்து, பிறகு நீலம் ஓடி, கடைசியில் சொரசொரவென்று குழி விழுந்து கறுத்துவிடும். பிளாஸ்டிக் கூட்டின் வாய் லேசாக உருகி உட்புறம் வளைந்திருக்கும். உள்ளே முனையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை சூட்டில் தளர்ந்து, விரலால் அழுத்தினால் திரும்பி எழும்பாது. இந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ஒரு வாரத்துக்கு ஓடும், பிறகு இன்னும் மோசமாகக் கருகும். வண்டிப் பக்கம், பேட்டரிப் பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கெட்டது நல்லதையும் கெடுக்கும். சார்ஜரின் பிளக்கையும் மறக்க வேண்டாம், ஒரே பேட்டரி இரண்டோடும் சேர்கிறது. சாவி போட்டு லோடு ஓடும்போது பிளக்கைப் பிடுங்கும் டிரைவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுங்கள். அந்தக் குழிகளில் பாதி அவர் போட்டவை.

பேட்டரி மேல் ஆசிட் ஈரம் படிந்திருந்தால் கரண்ட் அதன் வழியாகப் பாடிக்குக் கசியும். பிளஸில் ஒரு முனை, இரும்புத் தொட்டியில் மறு முனை வைத்தால் நல்ல வோல்டேஜ் காட்டும். மூடிகளை இறுக்கிவிட்டு, சோடா உப்புக் கரைசலில் கழுவி, காய்ந்த பிறகு திரும்ப அளந்து பாருங்கள். இந்தக் கசிவோடு வண்டி ஓடினால் எங்கோ ஒரு வயரின் தோல் உரிந்ததும் காரணமே தெரியாத கோளாறுகள் வரிசை கட்டி வரும்.

சீட்டுக்கு அடியில்

ஓட்டம் மட்டும் இல்லாத வண்டியில் முதலில் வரிசையைச் சரிபாருங்கள். உட்கார்ந்து, சாவி போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, டைரக்‌ஷன் போட்டு, அதற்குப் பிறகே ஆக்சிலேட்டர். பெடலில் கால் வைத்துக்கொண்டே சாவி போட்டால் கன்ட்ரோலர் வேண்டுமென்றே ஓட மறுக்கும். பெடல் ஸ்பிரிங் தளர்ந்தோ, பெடலுக்கு அடியில் குப்பை சேர்ந்தோ அது முழுவதும் மேலே திரும்பாவிட்டாலும் இதே கதைதான்.

வரிசை சரி என்றால் சீட் சுவிட்ச். ஆனால் சுவிட்சை மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலான வண்டியில் சீட் இருக்கும் மூடியைத் தூக்கித்தான் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த மூடி திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் சீட் சுவிட்ச் வயர் கீல் பக்கத்தில் ஒரே இடத்தில் மடங்குகிறது. வெளித்தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு நறுங்கிப் போயிருக்கும். கீலிலிருந்து ஒரு சாண் நீளத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். அறுந்த இடத்தில் தோல் மட்டும் ரப்பராக நீளும், அங்கே சற்று மெலிந்து வெளுத்தும் தெரியும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, இழை அதிகமுள்ள வளையும் வயரைக் கொஞ்சம் தொய்வு விட்டுப் போட்டுக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் திரும்பவும் அங்கேயே அறுபடும்.

சோதனைக்காகச் சுவிட்சை ஷார்ட் செய்து பார்ப்பது தப்பில்லை, சக்கரம் தூக்கியிருக்கும்போது, சில நிமிடத்துக்கு. அதை அப்படியே டேப் சுற்றி விட்டுவிட்டுப் போவதுதான் தப்பு. டிரைவர் இறங்கின பிறகும் ஓடத் தயாராக இருக்கும் வண்டி ஆளைக் கொல்லும். "இப்போதைக்கு இருக்கட்டும், நாளைக்கு சுவிட்ச் வந்ததும் மாத்திக்கலாம்" என்று சூப்பர்வைசர் கெஞ்சினாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

கன்டாக்டரும் கோடும்

சாவி போட்டதும், சில வண்டியில் உட்கார்ந்ததும், "டக்" என்று மெயின் கன்டாக்டர் இழுக்க வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் காயிலின் இரண்டு கால்களுக்கு நடுவே அளங்கள். வோல்டேஜ் வந்தும் இழுக்கவில்லையா, காயில் கட் அல்லது உள்ளே சிக்கியிருக்கிறது. வோல்டேஜே வரவில்லையா, கன்ட்ரோலர் கொடுக்க மறுக்கிறது. ஏன் என்பதை ஃபால்ட் கோடு, அதாவது கன்ட்ரோலர் காட்டும் கோளாறு எண், சொல்லும். ஒரு எச்சரிக்கை: நிறைய கன்ட்ரோலர்கள் இழுக்க முழு வோல்டேஜ் கொடுத்துவிட்டு, பிடித்துவைக்கக் குறைத்துக் கொடுக்கும். இழுத்து நிற்கும் 48 வோல்ட் காயிலில் பாதிதான் வருகிறதே என்று பதற வேண்டாம்.

சாவியை அணைத்து, கெப்பாசிட்டர் இறங்கச் சற்றுப் பொறுத்த பிறகும் கன்ட்ரோலர் பக்கம் முழு வோல்டேஜ் நின்றால் கன்டாக்டரின் டிப் (கரண்டைச் சேர்க்கும் முனை) ஒட்டிக்கொண்டது. குழி விழுந்த டிப்பை அரம் போடாதீர்கள். மேலே இருக்கும் வெள்ளிக் கலவை போய்விட்டால் அடியில் இருப்பது சீக்கிரம் ஒட்டும். செட்டாக மாற்றுவதே வழி.

கோடு என்பது தேட வேண்டிய திசை. "இந்தப் பாகத்தை வாங்கு" என்று அது சொல்லவில்லை. கர்ட்டிஸ் கம்பெனியின் ஏசி கன்ட்ரோலர்களில் பரவலாக வரும் சிலவற்றைச் சொல்கிறேன். 36 என்றால் மோட்டார் வேக சென்சார். உடனே சென்சார் வாங்காதீர்கள். மோட்டார் பக்கத்துக் கனெக்டரைப் பிரித்தால் தண்ணீரோ, வாய் விரிந்த பின்னோ கண்ணில் படும். 39 என்றால் மெயின் கன்டாக்டர் மூடவில்லை, 38 என்றால் ஒட்டிக்கொண்டது. 47 முன்னே சொன்ன வரிசைத் தவறு. 14 என்றால் கெப்பாசிட்டர் முன்கூட்டிச் சார்ஜ் ஆகவில்லை. இந்த 14 வந்தால் நான் முதலில் கேட்பது "வண்டியில் புதுசா ஏதாவது மாட்டினீங்களா?" என்றுதான். எச்சரிக்கை விளக்கோ ஃபேனோ வாங்கி, கையில் கிடைத்த பிளஸில், அதாவது கன்ட்ரோலரின் பிளஸ் கட்டையிலேயே மாட்டியிருப்பார்கள். கெப்பாசிட்டருக்கு வர வேண்டிய சிறு கரண்டை அது குடித்துவிடும், கன்டாக்டர் இழுக்காது. மற்ற கம்பெனி கன்ட்ரோலர்களில் இதே எண்ணுக்கு வேறு அர்த்தம் இருக்கும், அந்த வண்டியின் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும்.

வந்து வந்து போகும் கோளாறு

நாம் போனால் வண்டி ஒழுங்காக ஓடும், திரும்பியதும் நிற்கும். இதற்கு இரண்டே கேள்வி: எது அசையும்போது வருகிறது, எது சூடாகும்போது வருகிறது? ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது நின்றால் ஸ்டீயர் ஆக்ஸிலுக்குப் போகும் வயர் கட்டு. மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் தூண்) சாயும்போது என்றால் மாஸ்ட் அடியில் மடங்கும் கட்டு. ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் கட்டைச் சாண் சாணாக ஆட்டிக்கொண்டே போகட்டும். ஓட்டிச் சற்று நேரம் ஆன பிறகே மந்தமாகிறது என்றால் கன்ட்ரோலர் சூட்டில் தானே வேகத்தைக் குறைக்கிறது. அடியில் தூசி அப்பியிருக்கும், ஃபேன் நின்றிருக்கும், அல்லது முன்பு கழற்றி மாட்டியவர் ஹீட் பேஸ்ட் தடவாமல் விட்டிருப்பார்.

குளிர்கிடங்குக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வரும் வண்டியில் கனெக்டருக்குள் வியர்த்துத் தண்ணீர் நிற்கும். பிரஷர் வாஷ் அடித்த மறுநாள் வரும் கோளாறும் அதே ரகம். காற்றடித்துக் காயவைத்து, சீல் ரப்பரைப் பார்த்து, மின் கிரீஸ் தடவுங்கள்.

மோட்டார் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. கார்பன் பிரஷ் உள்ள பழைய மோட்டாரில் பிரஷ் நீளம், ஸ்பிரிங், கார்பன் தூசி. அந்தத் தூசி கரண்டைப் பாடிக்குக் கடத்தும், ஊதிச் சுத்தம் செய்தாலே பாதி சரியாகும், முகத்துக்கு மாஸ்க் வேண்டும். ஏசி மோட்டாரில் மூன்று காயில்களின் ஓம் சாதாரண மீட்டருக்குப் பிடிபடாத அளவு குறைவு, எனவே ஏசி கிளாம்ப் மீட்டரால் மூன்று கேபிளிலும் ஓடும் கரண்டை ஒப்பிடுங்கள். மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுவதாக இருந்தால் மோட்டார் கேபிள்களைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டே போட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல கன்ட்ரோலரை நீங்களே கொன்றுவிடுவீர்கள்.

டீசல், கேஸ் வண்டி

இங்கே மைனஸ் பாடியோடு சேர்ந்தது, காரில் பழகின கை அப்படியே உதவும். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியோ கேபிளோ சரியில்லை. ஸ்டார்ட்டர் சத்தமே இல்லை என்றால் கியர் லீவர் நியூட்ரலில் இருக்கிறதா, நியூட்ரல் சுவிட்ச் அதை உணர்கிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றுகிறது, எடுக்கவில்லை என்றால் டீசலில் ஸ்டாப் சோலனாய்டுக்கும் (இன்ஜினுக்கு டீசலை விடும், நிறுத்தும் மின்காந்தம்), கேஸ் வண்டியில் கேஸை அடைக்கும் சோலனாய்டுக்கும் சப்ளை வருகிறதா என்று சாவி ஆன் நிலையிலும், ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் தனித்தனியே அளங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வராமல் போவதுண்டு.

இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் வேறு வழி தேடும். ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டர் கேபிள் சூடாகிறது, புகைகிறது என்றால் அந்தக் கேபிள்தான் எர்த் வேலை பார்க்கிறது. இன்ஜின் கட்டையிலிருந்து பேட்டரி மைனஸ் வரை, ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் டிராப் எடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் பட்டையைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி, புதுப் பட்டை போட்டு இறுக்குங்கள். கருகிய ஆக்சிலேட்டர் கேபிளையும் கையோடு மாற்றிவிடுங்கள், அது எப்போது வேண்டுமானாலும் நகராமல் சிக்கிக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வந்தால் ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டியதில்லை.